நாற்காலியை விட்டு எழாத உளவாளி

"இன்னா நைனா, கப்பல் எங்க?"

சனிக்கிழமை காலை, பூந்தமல்லி டீக்கடையில் மெத்தைக்கடை பாய் என்னைப் பிடித்துக்கொண்டார்.

எண்பதுகளில் அங்கே ஒரு தியேட்டருக்கு நான்தான் மைக் அனௌன்சர். சைக்கிள் ரிக்‌ஷாவில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டி, நோட்டீஸை வீசியபடி வேலப்பன்சாவடி வரை கத்திவிட்டு வருவேன். படப்பெட்டி வெள்ளிக்கிழமைதான் வரும். நான் வியாழனே கிளம்ப வேண்டும். ஆகவே போஸ்டரைப் பார்த்துக் கதை விடுவதே தொழில்முறை.

டப்பிங் உளவாளிப் படம் ஒன்று. முதல் இரண்டு பாகமும் எங்களிடம் சக்கைப்போடு போட்டவை. மூன்றாம் பாகத்தின் போஸ்டரில் கப்பல் வெடித்துக்கொண்டிருந்தது. "நடுக்கடலில் கப்பல் சுக்குநூறாகும்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். படத்தில் ஹீரோ ஓர் அறையில் உட்கார்ந்து போன் பேசினார். கப்பல் அவர் முதுகுக்குப் பின்னால், காலண்டரில் இருந்தது.

"அடுத்த பாகத்துல வரும் பாய்."

"அப்ப அதுவரைக்கும் நீ இந்தப் பக்கம் வராத!"

தியேட்டர் முதலாளி இன்னும் சூடாக இருந்தார். "ஞாயித்துக்கிழமையும் சேர் காலியா கெடந்துச்சுன்னா மைக்கை வச்சிட்டுப் போயிடு. ரிக்‌ஷா மிதிக்கிற முனுசாமியே உன்னைவிட நல்லா கத்துவான்."

முனுசாமி தொண்டையைக் கனைத்துப் பார்த்துக்கொண்டான்.

ஞாயிறு மதியம் கிளம்பும்போது புதுப் பொய்க்கு என்னிடம் சரக்கில்லை. மைக்கை ஆன் செய்ததும் உண்மை வந்துவிட்டது.

"முதல் பாகத்தில் ரயிலிலிருந்து குதித்தார்! இரண்டாம் பாகத்தில் விமானத்திலிருந்து குதித்தார்! மூன்றாம் பாகத்தில் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்! நம்பாதவர்கள் நேரில் வந்து பாருங்கள்!"

முனுசாமி திரும்பினான். "இன்னா அண்ணாத்தே, வேலைய வுட்டுட்டியா?"

மாலைக் காட்சி ஹவுஸ்ஃபுல். ஏமாந்தவர்கள் நண்பர்களைக் கூட்டிவந்திருந்தார்கள். ஹீரோ சாய்ந்து உட்காரும்போதெல்லாம் "குந்திக்கினார்டா!" என்று விசில் பறந்தது. கடைசி ரீலில் ஜன்னலைச் சாத்த மனுஷன் எழுந்தார் பாருங்கள், தியேட்டரே எழுந்து கைதட்டியது. பாய் பெஞ்ச் மேலேயே ஏறிவிட்டார். பெண்கள் பக்கமிருந்து வந்த பெரிய விசில் என் மனைவியுடையது.

"இனிமே படத்தைப் பார்த்துட்டு வாயத் தொற" என்று சொல்லி, முதலாளி மைக்கை என் கையிலேயே விட்டுவைத்தார். அப்படியே செய்தேன். தொழிலில் நான் கற்ற ஒரே பாடம் அதுதான். அதற்காக எத்தனையோ மட்டமான படங்களை முழுசாகப் பார்த்துத் தொலைத்தேன்.

இப்போது திருநின்றவூர் வீட்டில் எனக்கும் ஒரு சாய்வு நாற்காலி உண்டு. அபூர்வமாக ஜன்னலைச் சாத்த எழுந்தால், சமையலறையிலிருந்து விசில் வருகிறது.