சிவப்புப் போன்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் நான் டெலிபோன் லைன்மேன். பேண்டேஜ் துணி வியாபாரி ஒருவரிடமிருந்து மாதம் ஒரு புகாராவது வந்துவிடும். நரைத்த தாடி, சட்டைப் பையில் இரண்டு பேனா, ஏற்ற இறக்கமே இல்லாத குரல். அவர் கடை மேசையில் இரண்டு போன்கள் இருந்தன. கறுப்பு ஓயாமல் அடிக்கும். புகார் எப்போதும் சிவப்பின் மேல்தான்.

"கறுப்பு யாவாரத்துக்கு, தம்பி. செவப்பு எம் மக பேசுறதுக்கு. யாவாரிக யாருக்கும் அந்த நம்பரக் குடுக்கல. அவ கூப்பிடுற நேரம் லைன் எங்கேஜா இருந்துரக் கூடாதுல்ல."

கறுப்பிலிருந்து சிவப்பின் எண்ணைச் சுழற்றிப் பார்ப்பேன். நான் சுழற்றுவதைப் பார்த்துக்கொண்டேதான் நிற்பார். ஆனாலும் மணி அடித்ததும் சிவப்பை எடுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பி, "சொல்லும்மா" என்பார்.

"நாந்தான் பாய். லைன் நல்லாத்தான் இருக்கு."

"அப்படியா" என்று வைத்துவிடுவார்.

ஒருநாள் கேட்டேன். "மக எங்க இருக்காக? நம்பரச் சொல்லுங்க, நாமளே போட்டுப் பாத்துருவோம்."

"சீவில்லிபுத்தூர்லதான். நம்பர் தெரியாது."

"அவுகளுக்கு இந்த நம்பர் தெரியுமா?"

"தெரியாது. பேச்சுவார்த்த நின்னு போச்சு, யாரு போய்க் குடுக்க?"

கறுப்பு அடித்தது. எடுத்து விலை பேசினார். நான் சீட்டில் 'லைன் சரியாக உள்ளது' என்று எழுதி நீட்டினேன். பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதமும் புகார் வந்தது. போனேன், சுழற்றினேன். "சொல்லும்மா" என்றார். "நாந்தான் பாய்" என்று சொல்ல அன்றைக்கு எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அதுவரை அவரும் வைக்கவில்லை.