கிணற்றடிப் புல்

எங்கள் அடையாறு வீட்டுக் கொல்லையில் ஒரு புல் முளைத்தாலும் சித்தப்பாவின் வேலைக்கு ஆபத்து என்கிற நிலைமை, எழுபதுகளில் ஒரு மழைக்காலத்தில் வந்தது.

களைக்கொல்லி விற்கும் கம்பெனியில் அவரைத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். மருந்து வேலை செய்வதைத் தன் வீட்டிலேயே காட்டினால் நிரந்தரமாக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். ரொம்ப நாள் வேலையில்லாமல் இருந்தவர் சித்தப்பா. கொல்லை முழுவதையும் கொத்திச் சமன் செய்து, வெறும் மண்ணில் மருந்தைத் தெளித்தார். "இனிமே இங்க ஒரு புல் மொளைச்சா என் பேரை மாத்திக்கறேன்" என்றார்.

மழை பெய்தது. கொல்லை மொட்டையாகவே கிடந்தது, கிணற்றடி நீங்கலாக. அங்கே மட்டும் புல் கல்யாணக் கூட்டம்போல நெருக்கியடித்துக்கொண்டு வந்தது. மேனேஜர் வருகிற அன்று விடிந்ததும் சித்தப்பா குந்தி உட்கார்ந்து அத்தனையையும் கையால் பிடுங்கினார். நானும் சேர்ந்து பிடுங்கினேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மேனேஜர் நேராகக் கிணற்றடிக்குத்தான் போனார். "இங்க மட்டும் ஏன் மண்ணு கிளறிக் கிடக்கு?"

காப்பியோடு வந்த அம்மா போட்டு உடைத்தாள். "புல் மொளைச்சுது. காலம்பற இவர்தான் பிடுங்கினார். வருஷக்கணக்கா குமுட்டி அடுப்புக் கரித்தூளை நான் இங்கதான் கொட்டிண்டு வரேன். சேறாகாம இருக்கட்டுமேன்னுதான்."

மேனேஜர் பேண்ட் அழுக்காவதைப் பார்க்காமல் மண்டியிட்டுக் கறுப்பு மண்ணை அள்ளித் தேய்த்தார். பிறகு சிரித்தார். "கரி மருந்தை உறிஞ்சிப் பிடிச்சுக்கும்ப்பா. அப்புறம் புல்லுக்கு என்ன பயம்? இதைச் சொல்லாம வித்தா நாளைக்கு விவசாயி உன்னைத்தானே திட்டுவான்?"

சித்தப்பாவைக் காட்டிக்கொடுத்த அம்மாவோடு நான் பேச்சை நிறுத்திவிட்டேன். அவளும் பொருட்படுத்தவில்லை. கிணற்றடியில் டிசம்பர் பூச்செடி வைத்தாள். அது நன்றாகவே தழைத்தது.

அது பூக்கும் முன்பே வேலை நிரந்தரமாகி உத்தரவு வந்தது. சித்தப்பா அதை அம்மா கையில் கொடுத்து, "மன்னி, ஆசீர்வாதம் பண்ணுங்கோ" என்று விழுந்து நமஸ்கரித்தார்.

சத்தியத்தைக் காப்பாற்றியவன் நான் பக்கத்திலேயே நிற்க, காட்டிக்கொடுத்தவளுக்குப் போய் நமஸ்காரமா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.