கழுவாத மணல்

என் மனைவி பஷீராவுக்குக் கடலோரப் பழவேற்காடு. எனக்கு வாணியம்பாடி. இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல் மலைமேல் புதூர்நாட்டில் ரோட்டோரமாக டீக்கடை போட்டிருந்தோம். மலையில் கரண்ட் இல்லை. ஜீப் வந்தால் வந்ததுதான். அறுபத்து மூன்றாம் வருஷம், அந்த இடத்தில்தான் கடல் மீன் வளர்ப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவள் ஒருமுறைகூட கடலைப் பார்க்கவில்லை. கடை, மழை என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்தவன் நான். அதனால் குறுக்கே நிற்கவில்லை.

வாணியம்பாடியில் தோல் மண்டி வைத்திருந்த என் அண்ணன் ஷஃபியுல்லாவிடம் ஒரு கண்ணாடிப் பெட்டி சும்மா கிடந்தது. அதைக் கேட்டாள்.

"ரெண்டு மாசம் கெடு. அதுவரைக்கும் மீனு பொழச்சா பெட்டி உனக்கு. மீனு செத்துச்சின்னா பெட்டி எனக்குத் திரும்பி வந்துரணும். அப்பறம் கடலு கிடலுன்னு வூட்ல பேச்சே கூடாது."

"செத்தாதானே மச்சான்," என்றாள்.

அவள் தம்பி ஊறுகாய் ஜாடிகளில் கடல் தண்ணீரும், கோடு போட்ட நாலு குட்டி மீன்களும் கொண்டுவந்தான். பெட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி வைத்துத் தண்ணீரைச் சுற்றவிட்டால் சுத்தமாக இருக்கும் என்றான். கீழே எங்கே இடம்? அங்கே அடுப்பு. ஓட்டைப் பானையில் கரியும் பஞ்சும் போட்டு மேலிருந்து சொட்டவிட்டுப் பார்த்தாள். மொண்டு மொண்டு ஊற்றிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம்.

பிறகு பெட்டிக்குள்ளேயே வேலையை முடித்தாள். அகல்களைக் கவிழ்த்து, மேலே மூங்கில் தட்டி, அதன்மேல் பழவேற்காட்டு மணலும் சிப்பியும். தட்டியின் மூலையில் ஒரு மூங்கில் குழாய். பழைய லாரி டியூபில் சைக்கிள் பம்பால் காற்றடித்து, மெல்லிய ரப்பர் குழாய் வழியாக மூங்கிலுக்கு அடியில் விட்டாள். குமிழிகள் ஏறும்போது தண்ணீரையும் தூக்கிக்கொண்டு ஏறின. மேலே இருந்த தண்ணீர் மணல் வழியாக இறங்கியது. மீன் கழிவெல்லாம் மணலோடு நின்றது.

"பாய், டீ கரிக்குதே," என்று தினமும் டீ குடிக்க வரும் கண்ணாயிரம் கிண்டல் செய்வான். வேறு கடை பார்த்துக்கொள் என்பேன். வேறு கடை கிடையாது.

ஐந்தாவது வாரம் மணல் பழுப்பேறிவிட்டது. தோல் பதனிடும் ஷாப்பில் வளர்ந்தவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஊறவை, அலசு, தண்ணீர் தெளியும்வரை அலசு. அவள் திருப்பத்தூர் போயிருந்த நேரம், மணலை அள்ளிக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவி, வெள்ளைவெளேரென்று திரும்பப் போட்டேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் இரண்டு மீன்கள் செத்து மிதந்தன.

"இன்னா செஞ்சீங்க?"

"மணலக் கழுவுனேன். ஒரே அழுக்கு."

"அந்த அழுக்குலதாங்க உசுரு கீது. அதான் கழிவத் தின்னுது. எங்கூரு உப்பு ஏரில யாரு மணல அலசுறாங்க?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. தம்பிக்குச் சொல்லியனுப்பி, ஈரச் சாக்கில் கழுவாத மணலும் பாசி பிடித்த கல்லும், ஜாடிகளில் புதுக் கடல் தண்ணீரும் வரவழைத்தாள். ஜாடித் தண்ணீரை அளந்து அளந்து மாற்றினாள். மீதி இரண்டும் பிழைத்தன.

அறுபதாம் நாள் அண்ணன் கயிறும் சாக்குமாக வந்தார்.

"ரெண்டு செத்துச்சில்ல? பெட்டியக் குடு."

"அதுங்களக் கொன்னது உங்க தம்பி. அவரக் கட்டி எடுத்துனு போங்க."

"பேச்சு பேச்சுதான்."

"சரி மச்சான். உசுரோட கீற இந்த ரெண்டயும் உங்க கையால புடிச்சி வெளிய போடுங்க. அப்பறம் பெட்டிய எடுங்க."

அவரும் வீம்புக்காரர். சட்டையைச் சுருட்டிக்கொண்டு கையைத் தண்ணீருக்குள் விட்டார். மீன்கள் ஓடவில்லை. கிட்டே வந்து அவர் விரலைக் கொத்திப் பார்த்தன. உப்பில் வெடித்த விரல்கள். அண்ணன் அவற்றைப் பிடிக்கவில்லை. கையை எடுத்து ஒரு விரலை நாக்கில் வைத்தார். காலமெல்லாம் தோலுக்கு உப்புப் போட்ட மனிதர். அவரும் கடலைப் பார்த்ததில்லை.

"கடலு இப்டித்தான் கரிக்குமா?"

"எங்கூருக்கு வந்து பாருங்க. நானும் வர்றேன்," என்றாள், என்னை முறைத்துக்கொண்டே.

கயிற்றை பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போனார். அதில்தான் இப்போது டியூபைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். காலையும் மாலையும் காற்றடிப்பது என் வேலை. மணலைத் தொட மட்டும் எனக்கு உரிமை கிடையாது.