சந்தைக்கு வந்த ரயில் நிலையக் குரல்

அந்த நகரத்தில் அவள் குரலைக் கேட்காதவர்கள் இல்லை. முகத்தைப் பார்த்தவர்கள்தான் இல்லை. பெரிய ரயில் நிலையத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது எவ்வளவு தாமதம் என்பதையெல்லாம் ஓர் அடைத்த அறையில், கணினித் திரையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டிருப்பாள். இருக்கிற வார்த்தையெல்லாம் அங்கேயே செலவாகிவிடும். வீட்டுக்கு வந்தால் ‘ம்’, ‘சரி’, ‘வேணாம்’ என்பதோடு குடித்தனம் ஓடிவிடும்.

அவள் பேசாமல் விட்டதையும் சேர்த்துப் பேசவென்றே வாய்த்தவர் அவள் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கண் சோதிக்க வந்தவரைப் பலகையில் உள்ள எழுத்தைப் படிக்கச் சொல்லிவிட்டு, அவர் கடைசி வரிக்கு வருவதற்குள் அவருடைய மாமனார் வீட்டு வழக்கு வரைக்கும் விசாரித்து முடித்திருப்பார்.

குளிர்காலத்துச் சனிக்கிழமைகளில் நகராட்சியின் வண்டி நிறுத்துமிடத்தில் உழவர் சந்தை கூடும். விவசாயிகள் கம்பளித் தொப்பியும் கையுறையுமாக, வேனின் பின்கதவைத் திறந்துவைத்தே வியாபாரம் செய்வார்கள். ஒரு சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை கிடைத்தது. காய்கறி வாங்கலாம் என்று இருவரும் கிளம்பினார்கள். அன்றைக்குப் பார்த்துப் பனி மூடிக் கிடந்தது. முட்டைக்கோஸ் குவியல் தெரிந்தது. அதை விற்கிற ஆள் இருமினால்தான் தெரிந்தார்.

பீட்ரூட் பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்தவள் கணவரைத் தேடினாள். ஆளைக் காணோம். பணம், வீட்டுச் சாவி, அவளுடைய கைபேசி எல்லாம் அவர் தோளில் தொங்கிய பைக்குள் இருந்தன. பீட்ரூட்டைத் திருப்பி வைத்துவிட்டுப் பக்கத்து வேன் காளான்காரரிடம் கேட்டாள்.

“இந்தப் பக்கம் யாராவது பேசிக்கிட்டே போனாங்களா?”

“போனாருங்க. என் மச்சானுக்கு வேலை வாங்கித் தரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு.”

அது அவரேதான். ஆனால் எந்தப் பக்கம் போனார் என்று காளான்காரருக்கும் தெரியவில்லை. வரிசை வரிசையாகத் தேடி, விரல் மரத்துப்போய், கடைசியில் சந்தை அலுவலகம் என்று எழுதியிருந்த தகரக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தாள். உள்ளே கண்காணிப்பாளர் கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். எதிரே மேசையில் மைக் இருந்தது.

“எங்க வீட்டுக்காரரைக் காணோம். மைக்குல ஒரு வார்த்தை சொல்லணும்.”

“வெளியாளுங்க கையில குடுக்கக் கூடாதும்மா.” அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. வார்த்தை காற்றாக வந்தது.

“சரி, நீங்களே சொல்லுங்க.”

அவர் சொல்லிப் பார்த்தார். ஒலிபெருக்கியில் சைக்கிள் டயர் காற்றிறங்குவதுபோல ஒரு சத்தம் வந்தது. மறுபேச்சில்லாமல் மைக்கை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் சொல்ல நினைத்தது ‘உங்களுக்கு அறிவிருக்கா’ என்றுதான். ஆனால் மைக்கைப் பிடித்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பச்சைக் கம்பளிச் சட்டை அணிந்துள்ள மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், தனது தோள்பையுடன் சந்தை அலுவலகத்திற்கு வந்து சேருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார். தாமதத்திற்கு வருந்துகிறோம்.”

சந்தை அப்படியே நின்றது. கேரட் வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு நாலடி ஓடி, எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமல் நின்றார். ஓர் அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம், “எந்த பிளாட்பாரம்னு சொன்னாங்க?” என்று கேட்டார். அவரும் தெரியாது என்று கவலையோடு உதட்டைப் பிதுக்கினார்.

கொட்டகை வாசலுக்கு வந்து, பனியில் கண்ணுக்கு எட்டிய வரைக்கும் அவள் இதையெல்லாம் பார்த்தாள். தான் பேசினால் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை இத்தனை வருஷத்தில் இப்போதுதான் பார்க்கிறாள். திரையில் வண்டி எண்கள் மாறுவதைத்தான் பார்த்திருக்கிறாள். இங்கே தலைகள் திரும்பின, கைகள் பையைத் தேடின. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, மூக்கும் அடைத்தது. குளிரால்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

கணவர் நெடுநேரம் கழித்து, மீசையில் தேனோடு ஆடி அசைந்து வந்தார்.

“கூப்பிட்டு எவ்வளவு நேரமாச்சு?”

“நீதான் தாமதத்துக்கு வருந்துறோம்னு சொன்னியே. சரி, அவசரமில்லைபோலன்னு இன்னொரு கரண்டி தேன் ருசி பாத்தேன்.”

அவள் வாயைத் திறப்பதற்குள் உருளைக்கிழங்குக்காரம்மா வந்து குறுக்கே நின்றாள்.

“அக்கா, என் கிழங்கைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லுங்களேன். கடைசி வரிசை. பனியில ஒருத்தரும் அங்க வரல, இன்னும் கொஞ்ச நேரத்துல கிளம்பிடலாம்னு இருக்கேன்.”

கண்காணிப்பாளர் சரியென்று தலையாட்டினார். அவள் மைக்கைப் பிடித்து, “கடைசி வரிசையில் உள்ள உருளைக்கிழங்கு வேன் இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்” என்று அறிவித்தாள். சனம் விழுந்தடித்துக்கொண்டு ஓடியது. அடுத்து காலிஃபிளவர்காரர் வந்தார்.

“பூச்சி இருக்கா?” என்று கேட்டாள். அறிவிப்பில் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

“ஒண்ணு ரெண்டு இருக்கும்.”

அதையும் அறிவிப்பில் சேர்த்தே சொன்னாள். காலிஃபிளவர்காரர் தலையில் கை வைத்தார். ஆனால் மருந்து அடிக்காத காய் என்று அதற்கும் கூட்டம் கூடியது.

பிறகு வந்த சனிக்கிழமைகளில் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு அவளே சந்தைக்கு வந்து மைக்கைப் பிடித்தாள். கண்காணிப்பாளருக்குத் தொண்டை சரியாகவில்லை. வாரம் தவறாமல் துண்டைக் கட்டிக்கொண்டு சைகையிலேயே சந்தையை நடத்தினார். மாசிப் பனி விலகத் தொடங்கிய ஒரு நாள், அவர் மனைவி கேரட் வாங்க வந்தவள் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“இவருக்கா தொண்டை கட்டியிருக்கு? வீட்டுல என்னைத் திட்டுறப்ப தெருமுனை வரைக்கும் கேக்குதே.”

கண்காணிப்பாளர் வெந்நீர்க் குவளைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அறிவிப்பாளர் மைக்கை இன்னும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“இனிமே நின்னுக்கிட்டுப் பேச என்னால முடியாது,” என்றாள். “எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க.”

“இதோ வந்துருச்சு,” என்று கணீரென்று சொல்லிவிட்டு அவரே ஓடினார்.