நாற்பத்தோரு நாள் கூலி

பங்களாத் தோட்டத்து மேஸ்திரி, லாரிக்காரருக்கு நாற்பத்தோரு நாள் கூலி பாக்கி வைத்திருந்தான். நாளுக்கு ஏழு ரூபாய். ஆக மொத்தம் இருநூற்று எண்பத்தேழு. லாரிக்காரருக்கு எழுத்து அரைகுறைதான். கணக்கு மட்டும் ஒரு நாளும் பிசகியதில்லை.

அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. லாரி எங்கே, காலில் செருப்பே கிடையாது. தோட்டத்து நடுவில் தூர்ந்து கிடந்த பழைய குளத்தை ஆழப்படுத்த இறங்கிய பதினெட்டுப் பேரில் அவரைப் போல மண் அள்ள ஆளில்லை. கூலி நாளன்று மேஸ்திரி கையை விரித்தான். மற்றவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க, இவர் ஒருவர்தான் கேட்டார். கேட்ட வாயிலேயே மண்வெட்டிப் பிடி இறங்கியது. இரண்டு பல் சேற்றோடு போயிற்று. விழுந்தவரை விலாவிலும் முதுகிலும் மிதித்து, கேட்டுக்கு வெளியே இழுத்துப் போட்டான்.

பிறகு கிளீனராகி, டிரைவராகி, ஆறு லாரிக்குச் சொந்தக்காரரானார். எவன் தயவும் இல்லை. பல்லை மட்டும் கட்டிக்கொள்ளவில்லை. “பாக்கி வரட்டும், கட்டிக்கிறேன்” என்பார். வீட்டில் அது கேலிப்பேச்சாகவே போய்விட்டது.

இந்தக் கோடையில் மாப்பிள்ளையோடு வந்திருந்த மகள், அந்தத் தோட்டத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். நாற்பத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு, மனைவியும் கூட வர, அதே கேட்டுக்குள் நுழைந்தார், டிக்கெட் வாங்கி.

குளத்தங்கரைப் பலகையை மாப்பிள்ளை உரக்கப் படித்தார். “மாமா, இது இந்தப் பங்களாவோட பிரபு தன் சொந்த முயற்சியில வெட்டுன குளமாம்.”

“அப்படியா? அந்தாளு கை காப்புக் காய்ச்சிருந்துச்சான்னும் போட்டிருக்கா பாருங்க.”

படகுத்துறையில், தோளில் பணப்பை தொங்க, தாடையில் பெரிய மருவோடு ஒரு கிழவன் ஆளுக்கு நூறு வசூலித்துக்கொண்டிருந்தான். அந்த மருவை லாரிக்காரர் கனவில்கூட மறந்ததில்லை. நேரே போய் நின்று, உதட்டை விலக்கி ஓட்டையைக் காட்டினார்.

“நாப்பத்தோரு நாள் கூலி. எடு.”

மேஸ்திரி உற்றுப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான். “அட, நீயா! இன்னும் பல்லு மிச்சம் இருக்கு போல?”

சிரிப்பு முடியுமுன் அறை விழுந்தது. மேஸ்திரியின் உதடு கிழிந்தது. அவன் துடுப்பை வீசினான். லாரிக்காரரின் தோளில் எலும்பு மளுக்கென்றது. “வேணாம் மாமா!” என்று நடுவில் புகுந்த மாப்பிள்ளைக்கு மாமனாரின் முழங்கைதான் கிடைத்தது. மூக்கிலிருந்து ரத்தம் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. மகள் வீரிட்டாள்.

அதற்குள் மேஸ்திரி படகில் தாவி, கரையை உந்தித் தள்ளிவிட்டான். “வாடா, வந்து வாங்கு! ஆளை முழுங்குற ஆழம்!”

லாரிக்காரர் செருப்போடு இறங்கி நடந்தார். கரையில் நின்ற கூட்டம் அலறியது. தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறவில்லை. அந்த மூலையில் கடப்பாரைக்கு மசியாத பாறை ஒன்று உண்டு. பதினெட்டுப் பேரும் அதை அப்படியே விட்டுவிட்டுத்தான் அப்பால் தோண்டினார்கள். கரையில் நின்று அதட்டியவனுக்கு அது எப்படித் தெரியும்?

படகைப் பிடித்து ஒரே புரட்டு. தண்ணீரில் விழுந்தவனின் கழுத்துப்பட்டியைப் பற்றி முக்கினார். தூக்கினார், மறுபடி முக்கினார். மூன்றாம் தடவை தூக்கவில்லை. குமிழி மட்டும் வந்துகொண்டிருந்தது.

“ஏங்க!” கரையிலிருந்து மனைவியின் குரல். “செத்தவன் எப்படிங்க எண்ணிக் குடுப்பான்?”

துடுப்பு செய்யாததை அந்தக் கேள்வி செய்தது. தூக்கினார்.

படியில் கிடந்து இருமிய மேஸ்திரி, நனைந்த பணப்பையை அப்படியே நீட்டினான். “எல்லாத்தையும் எடுத்துக்க, விட்டுடு.”

இன்னொரு அறை. “பிச்சையா கேட்டேன்? நாளுக்கு ஏழு. எண்ணுடா.”

மூக்கைப் பொத்தியபடி மாப்பிள்ளை முனகினார். “மாமா, அந்தக் காசுல மூணு பேர்கூடப் படகுல ஏற முடியாது.”

லாரிக்காரர் திரும்பவில்லை. வலிக்காத கையை விரித்து நீட்டினார். மேஸ்திரி ஒவ்வொன்றாக வைத்தான். இரண்டு நூறு. ஓர் ஐம்பது. மூன்று பத்து. ஓர் ஐந்து ரூபாய் நாணயம், கூட ஒரு ரூபாய்.

விரித்த கை மடங்கவில்லை. “ஒண்ணு குறையுது.”

மேஸ்திரி பையின் அடியைத் துழாவி, அந்த ஒரு ரூபாயையும் எடுத்து உள்ளங்கையில் வைத்தான்.