தாலி எடுத்துக் கொடுக்க வந்த நடிகர்

அவர் இறந்த செய்தியைத் தமிழ்ப் பத்திரிகையில் உள்பக்கத்து மூலையில் போட்டிருந்தார்கள். பழம்பெரும் துணை நடிகர் காலமானார் என்று தலைப்பு, கீழே நாலைந்து வரி. அந்த வரிகளிலும் அவரோடு நடித்த கதாநாயகர்களின் பெயர்கள்தான் அடைத்துக்கொண்டிருந்தன. பத்திரிகையைச் சுருட்டி நாற்காலியில் வீசினேன். "செத்தவருக்காக வருத்தப்படு, இல்ல பத்திரிகைக்காரனைத் திட்டு. ஏதாச்சும் ஒண்ணு பண்ணு லா" என்றார் என் கணவர். இரண்டையும் சேர்த்துச் செய்ய எனக்கு வரும்.

எண்பதுகளில் என் தாய்மாமன் தமிழர்கள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் வீடியோ கேசட் கடை வைத்திருந்தார். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு என்னைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டார். கடை மூலையில் ஒரு டிவி. காலையில் திறந்ததிலிருந்து பழைய படம் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். வருகிறவர்கள் கதாநாயகன் பெயரைச் சொல்லித்தான் கேசட் கேட்பார்கள். நான் பார்த்ததெல்லாம் இந்த மனிதரை.

சின்ன வயதில் நாடகக் கம்பெனிக்கு ஓடிப்போனவர். அங்கே பெண் வேஷம், சேவகன் வேஷம் எல்லாம் போட்டுவிட்டு சினிமாவுக்கு வந்தார். முதலில் கதாநாயகனின் நண்பன். முன்மண்டை முடி கொட்டியதும் அண்ணன். தொப்பை விழுந்ததும் அப்பா. கறுப்பு வெள்ளையில் கதாநாயகனோடு ஒரே காலேஜில் படித்தவர், கலர் படம் வந்தபோது அதே ஆளுக்கு மாமனாராகிவிட்டார். கதாநாயகனுக்கு மட்டும் வயதே ஏறவில்லை. அதைப் பற்றி இவர் எங்கேயும் புலம்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அவர் நடிப்பில் எனக்குப் பிடித்தது அவர் பேசாமல் நிற்கிற இடங்கள்தான். கதாநாயகன் மூச்சுவிடாமல் வசனம் பேசிக்கொண்டிருப்பான். எதிரே இவர் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். துண்டின் நுனியை விரல் மெதுவாகச் சுருட்டும். ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று எச்சிலை விழுங்குவார். இவர் கேட்கிற கேட்பில்தான் எதிராளி பெரிய நடிகனாகத் தெரிவான். தன் முகத்தில் வெளிச்சம் விழட்டும் என்று அரை அடி முன்னால் வந்து நின்றதே இல்லை. அப்படி ஒரு மனிதரை நான் சினிமாவிலும் அதிகம் பார்த்ததில்லை, வெளியிலும் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் ஜனங்களுக்கு அவரைத் தெரிந்தது ஒரே ஒரு காட்சியால். மகளுக்குக் கல்யாணம். மேளம் முழங்கும். மாப்பிள்ளையின் அப்பா ஏதாவது ஒரு குறையைச் சொல்லி எழுந்து நிற்பார். இவர் கும்பிட்ட கையை அப்படியே நெஞ்சுக்குக் கொண்டுபோய், வலது பக்கமாகச் சாய்வார். எத்தனை படத்தில் இப்படிச் செத்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. கை நெஞ்சுப் பக்கம் போகும்போதே கடையில் நிற்கும் அக்காமார் "ஐயோ, போச்சு" என்று முந்தானையை எடுத்துக்கொள்வார்கள்.

இப்போது என் கல்யாணத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை கிள்ளான்காரர், ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றில் எலக்ட்ரீஷியன். எல்லாம் கூடிவந்தது. ஒரே ஒரு விஷயத்தில்தான் சண்டை.

என் அப்பா ரயில்வேயில் இருந்தவர். நான் மூன்றாம் படிவம் படிக்கும்போது போய்விட்டார். அம்மா பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைத்து என்னை வளர்த்தாள். அவள் சமையல் எல்லோருக்கும் வேண்டும். கல்யாண வீட்டில் குங்குமத் தட்டை மட்டும் அவள் தொடக்கூடாது. சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் விடியும் முன்பே போய் காய் நறுக்கிக் கொடுப்பாள். தாலி கட்டும் நேரம் வந்தால் சமையல்கட்டு வாசலுக்கு நகர்ந்துவிடுவாள். யாரும் போகச் சொல்வதில்லை. அவளாகவே போய்விடுவாள், எனக்கு வயிறு எரியும்.

எங்கள் பக்கத்தில் சபைக்குப் பெரியவர் ஒருவர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுப்பது வழக்கம். என் தாலியை அம்மாதான் எடுத்துக் கொடுக்கவேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். மாமா பதறிப்போனார். அப்பாவின் அக்கா, சுங்கை வேயில் இருக்கும் அத்தை, பஸ் பிடித்து வந்து சொன்னார்: "நல்ல காரியத்துல ஏம்மா வம்பு பண்ற? நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா உங்க அம்மாவத்தானே எல்லாரும் சொல்லுவாங்க?" அம்மாவைப் பார்த்தேன். "எனக்கு அந்த ஆசையெல்லாம் இல்ல" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அது பொய் என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸிலிருந்து கடல் தாண்டி ஒரு நாடகக் குழு வந்து இறங்கியது. அதில் இவரும் இருந்தார். ஹோட்டல் செலவு கட்டுப்படியாகாது என்று நடிகர்களை பிரிக்பீல்ட்ஸ் வீடுகளில் பிரித்துத் தங்கவைத்தார்கள். இவருக்கு வயிற்றுப் புண், காரம் ஆகாது. அம்மா பத்தியமாகச் சமைப்பாள் என்று மாமா எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். வந்தவரைப் பார்த்ததும் மாமாவுக்கு யோசனை உதித்துவிட்டது. தாலி எடுத்துக் கொடுக்க இவரைவிடப் பெரியவர் யார்? கிள்ளானே திரும்பிப் பார்க்கும்.

"அந்த ஆளா?" என்றார் அத்தை. "அவர் கால் வச்ச கல்யாணம் எது ஒழுங்கா நடந்திருக்கு?"

"அது படம் லா, அக்கா" என்றார் மாமா. அத்தைக்கு அரை மனசுதான். ஆனாலும் தம்பி பெண்டாட்டி எடுத்துக் கொடுப்பதற்கு நடிகர் தேவலை என்று விட்டுவிட்டார்.

ஒரு நாள் காலையில் அவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அம்மா பாசாருக்குக் காய் வாங்கப் போயிருந்தாள். நான் எதிரே போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். "அங்கிள், தாலிய நீங்க வாங்கி எங்கம்மா கையில குடுத்துடுங்க. நீங்க சொன்னா யாரும் எதிர்த்துப் பேசமாட்டாங்க" என்றேன்.

நான் பேசி முடிக்கும்வரை அதே முகத்தோடு கேட்டார், படத்தில் கேட்பாரே அந்த முகம். பிறகு, "நான் துணை நடிகன்மா" என்றார். "சபை நடுவுல நின்னு நியாயம் பேசுறது ஹீரோ வேலை. அப்படிப் பேசினா எல்லாரும் என்னைப் பாத்துக் கை தட்டுவாங்க. உங்கம்மா கூசிப்போய் உள்ள ஓடிடுவாங்க."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இவ்வளவுதானா நீங்கள் என்று நினைத்தேன். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள வைத்திருந்த துவையலைக்கூட எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாமா அவரைக் கிள்ளானில் இருந்த கோயில் மண்டபத்தைப் பார்க்க அழைத்துப் போனார். திரும்பி வந்து என்னிடம் அலுத்துக்கொண்டார். "மணவறைய இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பாக்கிறாரு. போட்டோக்காரர் எங்க நிப்பாரு, மாப்பிள்ளை கை எட்டுமான்னு ஆயிரம் கேள்வி. நாடகம் பேசித் தொண்டை கட்டிக்கிச்சாம். பக்கத்துல வெந்நீரோட அக்கா நிக்கணுமாம்."

வெந்நீர் பிடிக்க எந்தச் சாஸ்திரமும் தடை சொல்லவில்லை. மாமா சரியென்றுவிட்டார், அத்தையும்தான். எனக்குத்தான் கொதித்தது. ஊரார் அவளைச் சமையல்காரியாக வைத்திருந்தார்கள், இவர் ஒருபடி மேலே போய்த் தண்ணீர்க்காரியாக ஆக்கிவிட்டார் என்று மனதுக்குள் திட்டினேன்.

மறுநாள் முகூர்த்தம். தாலியை ஒரு தேங்காய்மேல் வைத்து, தாம்பாளத்தில் எடுத்துக்கொண்டு சபை முழுக்க ஆசி வாங்கி வந்தார்கள். குருக்கள் தாம்பாளத்தை அவர் கையில் கொடுத்தார். அவருக்குப் பக்கத்தில், பிளாஸ்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முடிந்தமட்டும் உடம்பைக் குறுக்கிக்கொண்டு அம்மா நின்றாள். மைக்கில் அவர் பெயரைச் சொன்னதும் சபையில் கைதட்டல். அவர் தாலியை எடுக்கப்போனவர், எடுக்கவில்லை. கை நெஞ்சுக்குப் போனது. முகம் சுண்டியது. வலது பக்கமாகச் சாய்ந்தார்.

"ஐயோ, போச்சு!" என்று சபையே எழுந்துவிட்டது. அத்தை தலையில் அடித்துக்கொள்வது எனக்குத் தெரிந்தது. தாம்பாளம் சரிந்து தேங்காய் விளிம்புக்கு உருண்டது. தாலி தரையில் விழுந்தால் அதைவிடப் பெரிய கேடு உண்டா? பிளாஸ்க் விழுந்து நொறுங்க, அம்மா இரண்டு கையாலும் தாம்பாளத்தைப் பிடித்துவிட்டாள். வேறு யாருக்கும் எட்டாது. அப்படி அவளுக்கு மட்டும் எட்டுகிற இடம் பார்த்துத்தான் அவர் நின்றிருந்தார். இது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

மாமா அவரைத் தாங்கி நாற்காலியில் உட்காரவைத்தார். "நேரம் போறது, கொடுங்கோ, யாராவது கொடுங்கோ!" என்று குருக்கள் கத்தினார். மாமா நடிகரை விட்டுவிட்டு அம்மா பக்கம் கையை நீட்டினார். "குடுக்கா, நான் குடுக்கிறேன்."

அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். கொடுத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். இத்தனை வருஷமும் கொடுத்துவிட்டு நகர்ந்தவள்தானே. அவளை இங்கே கொண்டுவந்து நிறுத்த அவரால் முடிந்தது. இதற்குமேல் அவராலும் ஒன்றும் செய்யமுடியாது, என்னாலும் முடியாது.

"நீ அண்ணனைப் பாருடா" என்று நடிகர் கிடந்த நாற்காலிப் பக்கம் தலையசைத்தாள் அம்மா.

தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தாள். "கட்டுங்க தம்பி" என்றாள். அப்பா போனபிறகு நாலு பேர் நடுவில் அவள் குரல் எழுந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கெட்டிமேளம் கொட்டியது. அட்சதை விழுந்தது. குனிந்த தலையைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தேன். நாற்காலியில் சாய்ந்து கிடந்தவர் ஒரு கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் அட்சதை அவர் கையில் இருந்தது. யாரும் கவனிக்காதபோது அதை அவளை நோக்கிப் போட்டுவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

நான் வாய்விட்டு அழுதேன். அவருக்கு ஏதோ ஆகிவிட்டதென்று அழுகிறேன் என நினைத்து, என் கணவர் முதன்முதலாக என் கையைப் பிடித்து, "பயப்படாத, பிழைச்சுக்குவாரு" என்றார்.