தரிசு கிடந்த நம்பர்

எனக்கு எழுபத்தோரு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. நாத்தனார் பிள்ளைகள் இரண்டும் என் வீட்டுச் சோற்றில்தான் ஆளாயின. ஆறு பேரும் இன்று சொந்தக் காலில் நிற்கிறார்கள். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ்ஸில் ஊர்ப்பெயர் படிக்கத் தெரியும், எண்கள் நன்றாகத் தெரியும். அது போதும் என்றுதான் இத்தனை வருஷம் இருந்தேன். போதவும் செய்தது.

திருவிடைமருதூருக்குத் தெற்கே எங்கள் ஊர். நடவுக்குப் போகிற பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் அதை ஒரு செட்டு என்போம். எங்கள் செட்டுக்கு நான்தான் பொறுப்பு. இப்போது குனிந்து நடுவதில்லை. வரப்பில் நின்று ஆளைப் பிரித்து விடுவேன், கூலி பேசுவேன். வயல்காரர்கள் எனக்குத்தான் போன் அடிப்பார்கள். என் நம்பரை யாரும் போனில் பதிந்து வைத்துக்கொண்டதில்லை. மோட்டார் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி, பக்கத்தில் 'நடவு' என்று போட்டிருப்பார்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் என் நம்பர் இல்லாத மோட்டார் கொட்டகை இல்லை. வெள்ளையடித்தால்கூட அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடிப்பார்கள்.

அந்த சிம்மை விற்றபோது கம்பெனிக்காரன் வாழ்நாள் முழுக்க என்றுதான் சொன்னான். யாருடைய வாழ்நாள் என்று நான் கேட்கவில்லை. பிறகு மாதாமாதம் காசு போடச் சொன்னான். ஊருக்கெல்லாம் மாதம் என்றால் முப்பது நாள். கம்பெனிக்கு மட்டும் இருபத்தெட்டு நாள். இதைச் சட்டசபையில் ஒருவரும் கேட்கக் காணோம். அவர்களும் தேர்தல் வந்தால் அதே போனில்தான் வருகிறார்கள். "வணக்கம், நான் உங்கள்..." என்று குரல் வரும். சரி, கூப்பிட்டுவிட்டாரே, எங்கள் வாய்க்கால் தூர் வாராததைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போவார். எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன், எல்லாக் கட்சியும்தான். கம்பெனி ஆனாலும் கட்சி ஆனாலும் அவர்களுக்கு வாய் உண்டு, காது கிடையாது.

ஐப்பசியில் சம்பா நடவு முடிந்தால் எனக்கு ஆனி வரை போன் வேலை இல்லை. அறுப்பை மெஷின் பார்த்துக்கொள்கிறது. வேலை இல்லாத போனுக்கு ஏன் காசு? வயலைத் தரிசு போடுகிற மாதிரி போனையும் போட்டுவிடுவேன். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். நடுவில் பொங்கலுக்கு வருகிற மகன் எனக்குத் தெரியாமல் ஒரு ரீசார்ஜ் போட்டு நம்பரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. இந்த வருஷம் பொங்கலுக்கு அவன் வரவில்லை.

மேட்டூர் திறந்து எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது. கடைத்தெரு பாய் கடைக்குப் போய் ரீசார்ஜ் போட்டேன். "ஏறிடுச்சும்மா" என்றார் பாய். வீட்டுக்கு வந்து போனை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு அழைப்பு இல்லை. நாற்று முற்றுகிற பக்குவம் எனக்குத் தெரியும். யாருக்குமா ஆள் வேண்டாம்? செட்டுப் பெண்கள் காலையும் மாலையும் வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். குறுவை நடவுக் கூலியை நம்பித்தான் அவர்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவைப் பார்ப்பது.

நான்காம் நாள் பெரிய வாய்க்கால் ஓரம் போனேன். வருஷா வருஷம் எங்களைக் கூப்பிடுகிற வயல்காரர் வயலில் நடவு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன தம்பி, எங்கள மறந்தாச்சா?" என்றேன்.

"நான் மறந்தனா? நல்லா கேட்டீங்கக்கா. எத்தன தடவ அடிக்கிறது? யாரோ ஒரு பொம்பள எடுத்து, 'சங்கரா இருக்கு, வஞ்சரம் இருக்கு, நடவுக்கு ஆள் மட்டும் இல்ல'ன்னு திட்டுது. நீங்க மீன் யாவாரத்துல எறங்கிட்டீங்களோன்னு நெனச்சேன்."

வீட்டுக்கு வந்து மருமகள் போனிலிருந்து என் நம்பரை நானே அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள் ஒருத்தி.

"நடவுக்கு ஆள் இல்ல! வைங்க போன!"

"ஏம்மா, அது என் நம்பரு."

அந்தப் பக்கம் மடை திறந்தது.

"யக்கா, நீதானா அது? விடியறதுக்குள்ள அடிக்கிறானுவளே! 'ஆத்தா, நாளைக்கு மூணு மா நடணும்'ங்கிறான் ஒருத்தன். ஒரு மா எம்புட்டு நிலம்னுகூட எனக்குத் தெரியாது. நான் பூம்புகாருல மீன் விக்கிறவ. கம்பெனிக்காரன் குடை போட்டு உக்காந்து வித்தான், வாங்குனேன். நாலு நாளைக்கு முன்னாடி எவனோ புண்ணியவான் எனக்கு ரீசார்ஜ் வேற போட்டு விட்டிருக்கான்."

"அந்தப் புண்ணியவதி நான்தான்" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கம்பெனி சேவை நம்பருக்கு மருமகள் அடித்துக் கொடுத்தாள். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது, அழுத்தினேன். அதற்கு இரண்டு, இதற்கு மூன்று. கடைசியில் எல்லோரும் வேறு வாடிக்கையாளர்களுடன் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு பெண் குரல் தேன் மாதிரி சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. மகன் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டு, "புது நம்பர் வாங்கிக்கம்மா, அதுக்குப் போய்" என்றான்.

"வாங்கிக்கிறேன். நீ வந்து எல்லா மோட்டார் கொட்டகையிலயும் அழிச்சு எழுதிக் குடுக்குறியா?"



பூம்புகார்க்காரியை மறுபடியும் கூப்பிட்டேன். இரண்டு பேருக்கும் நடுவில் மயிலாடுதுறை. கம்பெனியின் பெரிய கடை அங்கே இருக்கிறது. அங்கே வருகிறேன் என்றாள். என்னோடு செட்டு முழுவதும் கிளம்பிவிட்டது. நான் கூப்பிடவில்லை. எங்கள் வழக்கம் அது: கடைசி முடி நாற்று ஊன்றுகிற வரை ஒருத்தியும் தனியாக வரப்பு ஏறுவதில்லை, இறங்கினால் எல்லோரும், ஏறினால் எல்லோரும்.

கண்ணாடிக் கடை. உள்ளே மார்கழிக் குளிர். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு தம்பி, பார்க்க நல்ல பிள்ளை, எங்களைப் பார்த்துத் திகைத்துப் போனான். பூம்புகார்க்காரி ஒரு கூடையோடு வந்து சேர்ந்தாள். கூடையில் என்ன இருந்தது என்பது ஏசிக் காற்றில் எல்லோருக்கும் தெரிந்தது.

"பாட்டி, நீங்க யூஸ் பண்ணாம விட்டுட்டீங்க. நம்பர் கம்பெனிக்குத் திரும்பப் போயிடும். அதுதான் ரூல்."

"தரிசு போட்டா நிலம் கவர்மெண்டுக்குப் போயிடுமா தம்பி?"

"நிலம் வேற, நம்பர் வேற பாட்டி. இப்ப இந்த அம்மா பேர்ல இருக்கு."

"நான்தான் வேணாங்கிறேனே!" என்றாள் அவள். "யக்கா பேருக்கு எழுதிட்டு எனக்கு வேற ஒண்ணு குடு."

"ரெண்டு பேரும் சொந்தக்காரங்களா? வீட்டுக்குள்ள மாத்திக்கலாம். இல்லன்னா, இருக்கிறவங்க இறந்துட்டா வாரிசுக்கு மாத்தலாம்."

"அப்ப நான் செத்துட்டேன்னு எழுதிக்க! பொழுதுக்கும் நடவு நடவுன்னு கேட்டுப் பாதி செத்துட்டேன்."

"அய்யோ, அப்படியெல்லாம் முடியாதும்மா. சிஸ்டத்துல ஆப்ஷன் காட்டல."

"காட்டுற வரைக்கும் இருக்கோம்" என்று நான் தரையில் உட்கார்ந்தேன். சுற்றி எங்கள் செட்டு உட்கார்ந்தது. பூம்புகார்க்காரி கூடையை நடுவில் வைத்தாள். அதற்குப் பிறகு அந்தத் தம்பிக்கு வேகம் வந்தது.

மேலே கேட்கிறேன் என்று போனை எடுத்தான். மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டான். கடை முழுக்கக் கேட்டது: தமிழுக்கு ஒன்றை அழுத்தவும். அழுத்தினான். இரண்டு, மூன்று எல்லாம் அழுத்தினான். எல்லோரும் வேறு வாடிக்கையாளர்களுடன் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றது அதே தேன் குரல். பாட்டுப் போட்டது.

"அட, உனக்கும் இதேதானா!" என்றாள் எங்கள் செட்டில் ஒருத்தி.

கடையில் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தத் தம்பியும் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தான். "பாட்டி, எனக்கு இது தெனமும் நடக்குது" என்றான். ஆனால் சிரித்தபிறகு அவன் வேறு ஆள். அந்தப் போனை வைத்துவிட்டு, தஞ்சாவூரில் தன்னோடு வேலைக்குச் சேர்ந்த ஒருத்தியைச் சொந்தப் போனில் கூப்பிட்டான். அவள் தனக்குத் தெரிந்த இன்னொருவரைக் கேட்டாள். சொந்தமில்லாவிட்டாலும் இரண்டு பேரும் நேரில் வந்து ஒப்புக்கொண்டால் பேர் மாற்ற ஒரு வழி இருக்கத்தான் செய்தது. கடைசியில் காரியத்தை முடித்தது மனிதனைத் தெரிந்த மனிதன்தான்.

போட்டோ எடுத்தான், கண்ணைச் சிமிட்டச் சொன்னான். நான் சிமிட்டினேன். பூம்புகார்க்காரி சிமிட்டச் சொன்னபோதெல்லாம் சிரித்தாள். அதனால் அவளுடையது நேரமானது. மதியம் சாப்பாட்டு வேளை தாண்டி, புது சிம் என் பழைய போனுக்குள் போனது. போனை உள்ளங்கையில் வைத்து எல்லோரும் சுற்றி நின்றோம்.

அடித்தது.

"ஆத்தா, மீன்காரம்மாவா, நீங்களா?" மேலத்தெரு வயல்காரர்.

"நான்தான்டா தம்பி. எத்தன மா?"

குலவை போட்டோம் பாருங்கள், எங்கள் செட்டு மொத்தமும். கண்ணாடி அதிர்ந்தது. நடவு முடிந்த வயலில் போடுகிற குலவையை ஏசிக் கடையில் போட்டவர்கள் இந்த டெல்டாவில் நாங்களாகத்தான் இருப்போம். பூம்புகார்க்காரிக்குக் குலவை வராது, கை தட்டினாள். கூடையிலிருந்து ஆளுக்கு ஒரு மீன் கொடுத்தாள். அந்தத் தம்பிக்கும் கொடுத்தாள். வாங்கிக்கொண்டான்.

அந்த வாரமே மெஷின் நட்டுவிட்ட வயல்களை விட்டு மற்ற வயல்கள் எல்லாம் எங்களிடம் வந்தன. நட்டுத் தீர்த்தோம். எங்கள் செட்டுப் பிள்ளை ஒன்றுகூட அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்குப் பழைய பையோடு போகவில்லை. பூம்புகார்க்காரியின் புது நம்பரை எங்கள் வீட்டுச் சுவரில் கரியால் நானே எழுதினேன், பக்கத்தில் 'மீன்' என்றும் போட்டேன். அந்த எழுத்து எனக்குத் தெரியும்.

இப்போது வேலை இல்லாத மாதத்துக்கும் காசு போடுகிறேன். தரிசுக்குக் கிஸ்தி கட்டுகிறேன் என்று பாய் கடையில் சொல்லிவிட்டுத்தான் கட்டுகிறேன். நான் செய்தது தப்பு என்று இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ஒன்றுதான் கேட்கப் போகிறேன்: அடித்தால் ஆள் எடுக்கிற நம்பர் ஒன்று கொடு. சுவரில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

எழுதியாச்சா? எங்கே, ஆரம்பத்திலிருந்து படித்துக் காட்டு. அந்தத் தேன் குரல்காரி மாதிரிப் படிக்காதே. நடுவில் நான் ஏதாவது சொன்னால் நின்று காது கொடு.